காடியை விட்டு இறங்காத கார்!



ஸ்டியரிங் கிடையாது. பிரேக் மிதி கிடையாது. ஓட்டுபவர் உள்ளே உட்காரவும் முடியாது. ஏனென்றால் காரின் நீளமே உங்கள் கை அகலத்தைவிடச் சற்றுத்தான் அதிகம்! ஆனாலும் இந்தக் காருக்குப் பந்தயம் உண்டு. வேகமாக ஓடுவது எப்படி, வளைவில் விழாமல் திரும்புவது எப்படி என்று யோசித்து யோசித்து, காரைப் பிரித்து, பூட்டி, மறுபடி பிரித்து மகிழ்கிற சிறுவர்களும் பெரியவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அந்தக் காரின் பெயர் 'ஸ்லாட் கார்'. ஸ்லாட் என்றால் ஒடுங்கிய நீண்ட பள்ளம். நம் ஊர்த் தச்சர்கள் மரத்தில் இப்படி ஒரு பள்ளம் எடுத்தால் அதைக் 'காடி' என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். பந்தயப் பாதையில் வெட்டிய காடியில் ஓடுகிற கார்தான் ஸ்லாட் கார்.

எப்படி ஓடுகிறது?

காரைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம், அடியில், ஒரு சிறிய நாக்கு போல ஒரு பிளாஸ்டிக் துண்டு தொங்கும். இதுதான் வழிகாட்டி. இது காடிக்குள் இறங்கிக்கொள்ளும். காடி வளைந்தால் வழிகாட்டியும் வளையும். கார் தானாகத் திரும்பும். அதனால்தான் ஸ்டியரிங் தேவையில்லை.

காடியின் இரு ஓரத்திலும் இரண்டு உலோகப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றில் மின்சாரம் பாய்கிறது. வழிகாட்டியின் இரு பக்கமும் மெல்லிய செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த இரண்டு குஞ்சங்கள் இருக்கும். இவை பட்டைகளை உரசிக்கொண்டே போய், மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கின்றன. கொல்கத்தா மெட்ரோ ரயிலும் பெங்களூரு மெட்ரோ ரயிலும் பாதையோரம் உள்ள 'மூன்றாவது தண்டவாள'த்தை உரசித்தான் மின்சாரம் எடுக்கின்றன. அதே யுக்தி! ஆனால் அங்கே 750 வோல்ட். இங்கே பெரும்பாலும் 12 வோல்ட்தான்.

உங்கள் கையில் துப்பாக்கியின் விசை போன்ற ஒரு கன்ட்ரோலர் இருக்கும். விசையை அழுத்த அழுத்த அதிக மின்சாரம் பாயும்; கார் பறக்கும். விட்டுவிட்டால்? மின்சாரம் நிற்கும். பல கன்ட்ரோலர்களில் இன்னொன்றும் நடக்கும். விசையை விட்டவுடன் மோட்டாரின் இரண்டு முனைகளும் ஒன்றோடு ஒன்று இணைக்கப்படும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அப்போது ஒரு குட்டி ஜெனரேட்டராக மாறி, தன் சுழற்சியைத் தானே தடுத்துக்கொள்ளும். பிரேக் மிதி இல்லாமலே பிரேக்!

பிறந்த கதை

காடியில் ஓடும் மின்சாரக் கார் பொம்மையை அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1912-லேயே விற்றது. ஆனால் அது நீண்ட காலம் நிலைக்கவில்லை.

இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர் 'மினிமாடல்ஸ்' என்ற நிறுவனத்தை நடத்திவந்தார். 1952-ல் 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் சுருள்வில்லின் முறுக்கத்தில் ஓடும் தகரக் கார்களைச் செய்தார். கொஞ்ச காலம் நன்றாக விற்றன. பிறகு பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. முறுக்கி விட்டால் ஓடுகிறது, நிற்கிறது. விளையாடுபவனுக்கு வேறு வேலையே இல்லையே!

பிரான்சிஸ் தன் தகரக் காருக்குள் ஒரு மின் மோட்டாரை வைத்தார். ரப்பரில் பாதை செய்து, அதில் காடி வெட்டினார். 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரோடு 'எலெக்ட்ரிக்' என்பதைச் சேர்த்து 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்று பெயர் வைத்தார். 1957 ஜனவரியில் ஹாரோகேட் நகரப் பொம்மைக் கண்காட்சியில் அது அறிமுகமானது. முதலில் வந்த இரண்டு கார்கள் மாசெராட்டியும் ஃபெராரியும். மறு ஆண்டே ஒரு பெரிய பொம்மை நிறுவனம் அதை விலைக்கு வாங்கிவிட்டது. 1960-களில் ஸ்லாட் கார் மோகம் அமெரிக்கா, ஐரோப்பா எங்கும் பரவியது.

இன்னொரு செய்தி கேளுங்கள். இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் என்ற இடத்தில் 1907-ல் திறக்கப்பட்ட பழைய கார் பந்தய மைதானம் உண்டு. 2009 ஆகஸ்டில் ஜேம்ஸ் மே என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர், தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, அந்த இடத்திலேயே ஸ்லாட் கார் பாதை போட்டார். அதன் நீளம் சுமார் 4.75 கிலோமீட்டர்! உலக சாதனையாக அது பதிவானது. நம் வீட்டுக் கூடத்துக்கு 5 அல்லது 6 மீட்டர் பாதையே தாராளம்.

காரைக் கட்டுவோம்

கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்டுவது ஒரு வகை. தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதில்தான் சுவை அதிகம். என்னென்ன பாகங்கள் வேண்டும்?

அடிச்சட்டம், மோட்டார், பின் அச்சு, முன் அச்சு, சக்கரங்கள், டயர்கள், இரண்டு பற்சக்கரங்கள், வழிகாட்டி, குஞ்சங்கள், எல்லாவற்றுக்கும் மேலே மூட ஒரு மேல்கூடு. அவ்வளவுதான். வீட்டுப் பாதையில் ஓடும் கார்கள் பெரும்பாலும் 1:32 அளவில் இருக்கும். அதாவது, நிஜக் காரின் 32 சென்டிமீட்டர், இங்கே 1 சென்டிமீட்டர். 4 மீட்டர் 80 சென்டிமீட்டர் நீளமுள்ள நிஜக் கார், இங்கே 15 சென்டிமீட்டர்தான்.

இப்போது ஒரு கணக்கு. பென்சில் எடுங்கள்!

மோட்டார் நிமிடத்துக்கு 18,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரில் உள்ள சின்னப் பற்சக்கரத்துக்கு 9 பற்கள். பின் அச்சில் உள்ள பெரிய பற்சக்கரத்துக்கு 27 பற்கள். சின்னது 3 முறை சுற்றினால்தான் பெரியது 1 முறை சுற்றும். ஆக, அச்சு நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும். டயரின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்றால், சுற்றளவு சுமார் 6.28 சென்டிமீட்டர். ஒரு நிமிடத்தில் கார் ஓடும் தூரம் 6,000 × 6.28 = 37,680 சென்டிமீட்டர். அதாவது, ஏறத்தாழ 377 மீட்டர். மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர்! சைக்கிளை வேகமாக மிதிக்கும் அண்ணனோடு போட்டி போடலாம். உராய்வும் எடையும் இருப்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் ஓடும்.

பெரிய பற்சக்கரத்தை 24 பல் உள்ளதாக மாற்றினால்? உச்ச வேகம் கூடும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் இழுப்பு குறையும். நேர்ப்பாதை நீளமாக இருந்தால் அது லாபம். வளைவுகள் நிறைந்த சிறிய வீட்டுப் பாதையில், சட்டென்று கிளம்பி சட்டென்று அடங்குகிற காருக்குத்தான் லாபம். கியர் சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்கு இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும்!

வேகம் மட்டும் போதுமா?

போதாது. இதோ இன்னொரு கணக்கு.

சிவப்புக் கார் ஒரு சுற்றை 4 வினாடியில் முடிக்கும். ஆனால் 10 சுற்றில் 3 முறை காடியை விட்டு வெளியே பாயும். ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்க 5 வினாடி ஆகும். நீலக் கார் ஒரு சுற்றுக்கு 5 வினாடி எடுக்கும். ஆனால் ஒருமுறைகூட விழாது. 10 சுற்றில் யார் முதல்?

சிவப்பு: 40 + 15 = 55 வினாடி. நீலம்: 50 வினாடி. ஜெயித்தது நீலம்!

கார் ஏன் வெளியே பாய்கிறது? பேருந்து வளைவில் திரும்பும்போது நீங்கள் வெளிப்பக்கம் சாய்கிறீர்கள் அல்லவா? உங்கள் உடம்பு நேராகவே போகப் பார்க்கிறது. இதற்கு நிலைமம் என்று பெயர். காரும் அப்படித்தான். வேகம் 2 மடங்கானால், அதே வளைவில் காரைப் பிடித்து வைக்கத் தேவையான விசை 4 மடங்காகிறது. அந்தப் பிடியைக் கொடுப்பவை டயர்களும், காடிக்குள் இருக்கும் வழிகாட்டியும்தான். ஆகவே பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன்னால், பிடியைக் கவனிக்க வேண்டும். இந்த வேலைக்குப் பணம் அதிகம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

சின்னச் சின்ன வித்தைகள்

பின் டயர்: காரைத் தள்ளுவது இதுதான். தூசி படிந்தால் பிடி போய்விடும். டேப்பின் ஒட்டும் பக்கத்தில் டயரை உருட்டி எடுத்தால் தூசி அதில் வந்துவிடும். அச்சிலிருந்து வரும் டயர் பல நேரம் சரியான வட்டமாக இருக்காது. அதனால் டயரைச் சக்கரத்தில் ஒட்டி, மெல்லச் சுழலவிட்டு, உப்புத்தாளில் தேய்த்து வட்டமாக்குவார்கள். வட்டமான டயர் குதிக்காது.

முன் டயர்: இங்கே நேர்மாறு! காரைத் திருப்புவது வழிகாட்டி. முன் டயர் தரையைப் பற்றிக்கொண்டால் அந்த வேலைக்கு இடைஞ்சல். அதனால் நிறமில்லா நகப்பூச்சை முன் டயரில் பூசி வழுக்கலாக்கிவிடுவார்கள். அக்காவின் நகப்பூச்சைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுக்காதீர்கள்!

எடை: வைக்கோல் ஏற்றிய வண்டி சாய்ந்து பார்த்திருப்பீர்கள். நெல் மூட்டையைத் தாழ்வாக அடுக்கிய வண்டி அவ்வளவு எளிதில் சாயாது. ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் கவிழாது என்பதே காரணம். காரிலும் எடையை மேல்கூட்டில் வைக்காமல், அடிச்சட்டத்தோடு ஒட்டி, வலமும் இடமும் சமமாக வைக்க வேண்டும். வழிகாட்டிக்குச் சற்றுப் பின்னால் கொஞ்சம் எடை வைத்தால், அது காடியை விட்டு எழும்பாமல் இருக்கும். ஆனால் எடை கூடக் கூடக் கார் சோம்பேறியாகும். அளவு முக்கியம்.

குஞ்சம்: பட்டை மேல் பரவலாகப் படிய வேண்டும். கருத்துப் போனால் மின்சாரம் விட்டுவிட்டு வரும். கார் விக்கி விக்கி ஓடும். விறைப்பாக நின்றால் காரின் மூக்கையே தூக்கிவிடும்.

திருகாணி: மேல்கூட்டைப் பிடிக்கும் திருகாணிகளை இறுக்கி முடுக்க வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? பலர் அரைச் சுற்றுத் தளர்த்தி விடுகிறார்கள்! மேல்கூடு லேசாக ஆடும். அடிச்சட்டத்தின் அதிர்வோடு மேல்கூடு சேர்ந்து குதிக்காததால் கார் அமைதியாக ஓடும்.

எண்ணெய்: அச்சு சுழலும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு. டயரில் பட்டால் வழுக்கும். ஜாக்கிரதை!

காந்தம்: பிளாஸ்டிக் பாதைகளில் பட்டைகள் இரும்பு கலந்த உலோகத்தால் ஆனவை. காரின் அடியில் ஒரு காந்தம் வைத்தால், அது பட்டையைப் பற்றி இழுத்து, காரைப் பாதையோடு பிடித்து வைக்கும். சிலரோ காந்தமே கூடாது, ஓட்டுபவரின் திறமைதான் பேச வேண்டும் என்பார்கள். வீட்டில் தாங்களாகவே பலகையில் காடி எடுத்து, செம்பு டேப் ஒட்டிப் பாதை செய்பவர்களும் உண்டு. அந்தப் பாதையில் காந்தம் வைத்த காரை விட்டால் காந்தம் உதவாது. ஏன்? யோசியுங்கள். விடை கடைசியில்.

ஐந்து மாற்றமும் ஒரு மாற்றமும்

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் அறிவியல் மன்றத்துக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த முன்னாள் மாணவர் ஒருவர் ஸ்லாட் கார் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். கார்கள் இரண்டு. பிள்ளைகள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு மாதத்தில் அறிவியல் கண்காட்சி. அன்றைக்கு 20 சுற்றுப் பந்தயம் என்று முடிவானது. இரண்டு காரும் தொடக்கத்தில் 10 சுற்றை 74 வினாடியில் முடித்தன.

முதல் குழுவுக்கு வேகம் அதிகம். ஒரே மாலையில் டயரைத் தேய்த்தார்கள், எடை வைத்தார்கள், நகப்பூச்சு பூசினார்கள், திருகாணியைத் தளர்த்தினார்கள், எண்ணெயும் விட்டார்கள். ஓட்டிப் பார்த்தால் 79 வினாடி! முன்பைவிட மோசம். ஐந்தில் எது கெடுத்தது? யாருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் குறை சொன்னதுதான் மிச்சம்.

இரண்டாவது குழுவில் ஒரு மாணவி நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம். டயரைத் துடைத்தார்கள்: 71. வழிகாட்டிக்குப் பின்னால் இரண்டு வாஷர் ஒட்டினார்கள்: 70. அதையே பின்னுக்கு நகர்த்தினார்கள்: 73. 'இது வேண்டாம், பழைய இடம்' என்று எழுதினார்கள். முன் டயரில் நகப்பூச்சு: 69. திருகாணி அரைச் சுற்று: 66.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது முதல் குழுப் பையன் ஒருவன் அந்த நோட்டைக் கேட்டான். இரண்டாவது குழுவில் ஒரே வாக்குவாதம். "கொடுத்தால் நாம் தோற்றுவிடுவோம்" என்றார்கள் சிலர். "தப்பான காரோடு ஓடி ஜெயித்தால் என்ன பெருமை?" என்றாள் நோட்டு எழுதிய மாணவி. கடைசியில் கொடுத்தார்கள். நோட்டைப் பார்த்த முதல் குழு, எடையைப் பின்பக்கம் ஒட்டியிருந்ததையும், டயரில் எண்ணெய் வழிந்திருந்ததையும் கண்டுபிடித்தது.

பந்தயத்தில் இரண்டாவது குழுதான் ஜெயித்தது. ஆனால் அரைச் சுற்று வித்தியாசத்தில்தான்! கடைசி இரண்டு சுற்றில் கண்காட்சி அறையே நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தது.

நோட்டு எப்படி எழுதுவது?

1. எதையும் மாற்றும் முன் 10 சுற்று ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். 3 முறை ஓட்டிச் சராசரி எடுங்கள்.
2. ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்.
3. ஓட்டுபவர் மாறக் கூடாது. காடியும் மாறக் கூடாது.
4. மறுபடி 3 முறை ஓட்டுங்கள். எத்தனை முறை விழுந்தது என்பதையும் எழுதுங்கள்.
5. நேரம் குறைந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கூடினால் பழையபடி ஆக்கிவிடுங்கள். கூடியதையும் மறக்காமல் எழுதுங்கள், அதுவும் பாடம்தான்.

ஸ்லாட் கார் இல்லையா? கவலை வேண்டாம்!

உங்களிடம் இருக்கும் எந்தப் பொம்மைக் காரிலும் இரண்டு சோதனை செய்யலாம். ஒரு பலகை, ஒரு ஸ்கேல், கொஞ்சம் டேப், நான்கு நாணயங்கள் போதும்.

சாய்வுச் சோதனை: காரைப் பலகையின் குறுக்கே வையுங்கள். அது சறுக்காமல் இருக்க, கீழ்ப்பக்கச் சக்கரங்களை ஒட்டி ஒரு பென்சிலை டேப்பால் ஒட்டுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். எந்த உயரத்தில் கார் கவிழ்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். இப்போது நாணயங்களைக் காரின் கூரையில் ஒட்டி அளவு எடுங்கள். பிறகு அதே நாணயங்களை அடியில் ஒட்டி அளவு எடுங்கள். மூன்று எண்களையும் ஒப்பிடுங்கள். எடை ஒன்றுதான், இடம்தான் வேறு!

பிடிச் சோதனை: பென்சிலை எடுத்துவிடுங்கள். காரைக் குறுக்கே வைத்து, எந்த உயரத்தில் பக்கவாட்டில் சறுக்குகிறது என்று பாருங்கள். சக்கரங்களை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு சக்கரங்களில் ரப்பர் பேண்டு சுற்றிப் பாருங்கள்.

இதையெல்லாம் மறக்காதீர்கள்

பாதைக்கு, அதனுடன் வரும் அடாப்டரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதன் கம்பியை எந்தப் பொம்மையிலும் நேரடியாக இணைக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. பலகையில் காடி எடுப்பது, சால்டரிங் வைப்பது ஆகியவை பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. எடைக்கு ஈயம் வேண்டாம், அது நச்சு. வாஷர் போதும். சின்னக் காந்தங்களைத் தம்பி, தங்கை கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் அவை வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைக் காயப்படுத்தும்.

சரி, நோட்டில் முதல் பக்கத்தில் தேதி போட்டாயிற்றா? முதல் அளவை எழுதுங்கள்!

காந்தக் கேள்விக்கு விடை: காந்தம் இரும்பை இழுக்கும், செம்பை இழுக்காது. செம்பு டேப் ஒட்டிய பலகையில் காந்தத்துக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை. அங்கே டயரையும் எடையையும் உங்கள் விரலையும்தான் நம்ப வேண்டும்.